கண்கண்ட சான்று

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஒருவர் நிற்கின்றார். "அன்று நான் கண்டது இவரைத்தான், ஐயமே இல்லை" என்று கைநீட்டிக் கூறுகின்றார். அவர் பொய்யர் அல்லர். எதிரே நிற்பவரிடம் அவருக்குப் பகை இல்லை. கைக்கூலி பெற்று வந்தவரும் அல்லர். உண்மையையே உரைப்பதாக அவர் மனமார நம்புகின்றார். எனினும், அவர் சுட்டிய மனிதர் குற்றமற்றவராக இருத்தல் கூடும். வேண்டுமென்றே பொய் உரைப்பவரைக் குறுக்கு விசாரணையால் மடக்கிவிடலாம். மெய் என்று நம்பிக்கொண்டே பிழைபட உரைப்பவரை எங்ஙனம் கண்டுகொள்வது? அவர் முகத்தில் அச்சம் இல்லை. சொல்லில் தடுமாற்றமும் இல்லை.

இவ்வினாவிற்கு விடை காணப் புகுந்தவர் சட்ட அறிஞர் மட்டும் அல்லர், உளநூலாரும் ஆவர். உள்ளத்தின் இயல்பை ஆராயும் கலைக்கு உளநூல் என்பது பெயர். அக்கலையில் வல்லவர்கள் சாட்சியின் நினைவாற்றலை மட்டும் ஆராய்ந்து நின்றுவிடவில்லை. சாட்சியை வினவுகின்ற காவல் அலுவலரின் உள்ளத்தையும் அவர்கள் ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார்கள். அவ்வாராய்ச்சி ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறிய, இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒரு வழக்கை முதலில் காண்போம்.

1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு நாள், அடால்ப் பெக் என்பவர் இலண்டனில் விக்டோரியாத் தெருவில் தம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவர் நார்வே நாட்டிற் பிறந்தவர். அகவை ஐம்பதைக் கடந்தவர். அவ்வழியே வந்த ஒரு பெண்மணி அவரைத் தடுத்து நிறுத்தி, "என் கைக்கடிகாரங்களை என்ன செய்தீர்?" என்று வினவினாள். பெக் திகைத்தார். அப்பெண்ணை அவர் முன்பின் கண்டதில்லை. அவள் விடாது தொடர்ந்தமையால், தெருவைக் கடந்து சென்று காவலர் ஒருவரிடம் தாமே முறையிட்டார். அவளும் அக்காவலரிடமே முறையிட்டாள். இருவரும் காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முறையிடச் சென்ற பெக் வீடு திரும்பவில்லை.

அந்நாளில் இலண்டனில் ஒரு வஞ்சகன் உலவி வந்தான். தன்னைப் பெருஞ்செல்வம் படைத்த ஒரு பிரபு என்று சொல்லிக்கொண்டு, தனித்து வாழும் பெண்களிடம் அவன் பழகுவான். தன் மாளிகையில் நல்ல பணி தருவதாகக் கூறுவான். புத்தாடை வாங்கிக்கொள்ளுமாறு காசோலை எழுதித் தருவான். அளவு பார்த்துப் புதியது செய்து தருவதாகச் சொல்லி அவர்களுடைய மோதிரத்தையும் கடிகாரத்தையும் வாங்கிச் செல்வான். பின்னர் அவனைக் காண்பது அரிது. காசோலையைக் கொண்டு சென்றால் வங்கியில் பணமும் இராது. இங்ஙனம் ஏமாந்த பெண்களைக் காவலர் அழைத்தனர். பெக்கைச் சிலரோடு வரிசையாக நிறுத்தி, உங்களை ஏமாற்றியவனைக் காட்டுக என்றனர். அவ்வரிசையில் நின்றோர் தெருவில் அகப்பட்டவாறு கூட்டி வரப்பட்டவர்கள். நரைத்த தலையும் மீசையும் உடையவர் பெக் ஒருவரே. ஏமாற்றியவன் நரைத்தவன் என்பதை அப்பெண்கள் அறிவர். வேறு யாரைக் காட்டுவார்கள்?

இஃது ஒருபுறம் இருக்க, இதே வகையான வஞ்சகத்திற்காக 1877ஆம் ஆண்டிலேயே ஜான் ஸ்மித் என்னும் பெயரினன் ஒருவன் தண்டிக்கப்பட்டிருந்தான். அக்காலத்தில் அவனைப் பிடித்த காவலர் எலிஸ் ஸ்பரல் இப்பொழுது வரவழைக்கப்பட்டார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தாம் கண்ட ஸ்மித் இந்தப் பெக்கே என்று அவர் உறுதி கூறினார். பெக்கோ 1877இல் தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் இருந்தவர். ஆனால், 1896இல் நடந்த விசாரணையில் அப்பழைய வழக்கைப் பற்றிய பேச்சே எழவொட்டாமல் தடுக்கப்பட்டது. நடப்பு வழக்கிற்கு அது வேண்டாதது என்றார் நீதிபதி. பெக்கிற்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் அவர் பழைய குற்றவாளியாகிய ஸ்மித்தாகவே நடத்தப்பட்டார்.

1898இல் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஸ்மித் யூத மரபினன். அம்மரபினர்க்கு உரிய உடலடையாளம் ஒன்று அவனுக்கு இருந்ததைப் பழைய சிறைக் குறிப்பேடு கூறிற்று. பெக்கின் உடலில் அஃது இல்லை. எனவே, ஸ்மித் வேறு, பெக் வேறு என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயிற்று. இருவரும் ஒருவரே என்பதன்மேல் கட்டப்பட்ட வழக்கு அப்பொழுதே இடிந்து வீழ்ந்திருக்க வேண்டும் அன்றோ? அதிகாரிகள் என் செய்தனர்? பெக்கின் சிறை எண்ணை மாற்றிக் கொடுத்தனர்! "பழைய குற்றம் இவருடையது அன்று, புதிய குற்றம் இவருடையதே, பெண்கள் பலர் நேரில் அடையாளம் காட்டினர் அல்லரோ?" என்பது அவர்கள் கருத்து. 1901இல் பெக் விடுதலையானார்.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1904இல் அதே வகையான குற்றத்திற்காக அவர் மீண்டும் பிடிக்கப்பட்டார். மீண்டும் பெண்கள் வந்தனர். மீண்டும் அவரையே சுட்டிக் காட்டினர். நடுவர் குழுவும் அவரைக் குற்றவாளி என்றது. ஆனால், நீதிபதியின் உள்ளத்தில் ஏதோ ஓர் ஐயம் எழுந்தது. அவர் தண்டனையை உடனே கூறாது ஒத்தி வைத்தார். அந்த ஐயமே பெக்கைக் காப்பாற்றியது. அவர் சிறையில் இருக்கும்பொழுதே வேறொருவன், இரு பெண்களிடம் பறித்த மோதிரங்களை அடகுக் கடையில் வைக்க முயன்று பிடிபட்டான். பெக்கின் வழக்கை அறிந்திருந்த இன்ஸ்பெக்டர் ஜான் கேன் அவனைச் சென்று கண்டார். 1877இல் ஸ்மித் என்ற பெயரில் சிறை சென்றவன் அவனே. முன்னர்ப் பெக்கை அடையாளம் காட்டிய பெண்கள் அவனை நேரிற் கண்டபின் தம் தவற்றை உணர்ந்தனர். பெக் விடுவிக்கப்பட்டார். அரசாங்கம் அவருக்கு 5,000 பவுன் ஈடாக அளித்தது. சிறையில் கழிந்த ஆண்டுகளை யார் அளிப்பது? 1909இல் அவர் வறுமையில் இறந்தார்.

இவ்வழக்கின் பயனாக இங்கிலாந்தில் மேல் முறையீட்டிற்கென 1907இல் குற்றவியல் மேன்முறையீட்டு மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. சட்டம் தன் பங்கைச் செய்தது. ஆயினும், இரண்டு விசாரணைகளிலும் சேர்த்துப் பத்துக்கு மேற்பட்ட பெண்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், எங்ஙனம் ஒரே பிழையைச் செய்தனர் என்னும் வினா எஞ்சி நின்றது. மேன்முறையீட்டு மன்றம் அதற்கு விடை கூற வல்லது அன்று.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனி நாட்டில் உளநூலார் சாட்சியத்தைச் சோதனையால் அளக்கத் தொடங்கியிருந்தனர். பெர்லின் பல்கலைக் கழகத்தில் குற்றவியல் சட்டம் கற்பித்தவர் பேராசிரியர் பிரான்ஸ் வான் லிஸ்ட். அவருடைய வகுப்பில் ஒரு நாள் நூல் ஒன்றைப் பற்றி உரையாடல் நடைபெற்றுக்கொண்டிருந்தது. மாணவன் ஒருவன் இடையில் எழுந்து ஏதோ கூறினான். மற்றொருவன் அதை மறுத்துச் சீறினான். "என்னை இழிவுபடுத்திவிட்டாய்!" என்று முன்னவன் கூவினான். பின்னவன் கைம்முட்டியை ஓங்கினான். முன்னவன் கைத்துப்பாக்கியை உருவினான். பேராசிரியர் பாய்ந்து அவன் கையைப் பற்றினார். துப்பாக்கி வெடித்தது. வகுப்பு முழுவதும் அலறியது.

ஆரவாரம் அடங்கியதும் பேராசிரியர் அமைதியாக, "நடந்தவற்றை உள்ளவாறு எழுதித் தருக" என்றார். அனைத்தும் முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்து நடித்த நாடகம் என்பதை அப்பொழுதுதான் மாணவர் அறிந்தனர். எழுதியவர்கள் சட்டம் பயிலும் இளைஞர்கள். நீதிமன்றங்களில் பிற்காலத்தில் சாட்சிகளை விசாரிக்க வேண்டியவர்கள். அவர்களுள் மிகக் குறைவாகப் பிழை செய்தவருடைய குறிப்பிலேயே நூற்றுக்கு 26 பிழைகள் இருந்தன. மிகுதியாகப் பிழை செய்தவரிடம் அது நூற்றுக்கு 80 ஆயிற்று. வாய் திறவாது அமர்ந்திருந்தவர்கள் பேசியதாகச் சிலர் எழுதினர். நிகழாத செயல்கள் புகுந்தன. நிகழ்ந்தவற்றுள் தலையாயவை விடுபட்டன. இன்னும் ஒன்று கருதத் தக்கது. பரபரப்பு மிகுந்த பின்பகுதியில்தான் பிழைகளும் மிகுந்தன. அச்சத்தில் கண்டது நெஞ்சில் ஆணிபோற் பதியும் என்று நாம் பேசுகின்றோம். சோதனை அதற்கு மாறாக நின்றது.

இச்சோதனையை ஆங்கில உலகிற்கு எடுத்துக் காட்டியவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய ஹியூகோ மூன்ஸ்டர்பர்க். அவர் 1908இல் சாட்சிக் கூண்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, நீதிமன்றங்கள் உளநூலைப் புறக்கணிக்கின்றன என்று கடிந்துரைத்தார். வழக்கறிஞர்கள் சினந்தனர். சான்றுச் சட்டத்தில் பெரும் புலவரான ஜான் ஹென்றி விக்மோர், மூன்ஸ்டர்பர்க்கையே பிரதிவாதியாக்கி ஒரு கற்பனை வழக்கை 1909இல் எழுதி நகையாடினார். நகையாட்டில் நியாயமும் இருந்தது. சாட்சிகள் தவறுவர் என்று உரைப்பது எளிது. அத்தவற்றைக் குறைக்கும் வழி யாது என்பதை அன்றைய உளநூலார் எடுத்துரைக்கவில்லை. அந்த வழி புலப்படுவதற்கு மேலும் பல்லாண்டுகள் கழிந்தன.

முதலில் நினைவின் இயல்பு தெளிவாக வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்கு உதவிற்று. அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை அவர் ஆங்கிலேயர் சிலருக்குக் கொடுத்துப் படிக்கச் செய்தார். பின்னர் வெவ்வேறு கால இடைவெளியில் அதைத் திருப்பிச் சொல்லச் செய்தார். அவர்கள் தமக்குப் பழகாதவற்றைப் பழகியவையாக மாற்றிக்கொண்டனர். மரம் குடைந்த ஓடம் வெறும் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பு ஆயிற்று. மாற்றியதை அவர்கள் அறியவும் இல்லை. நினைவு என்பது பேழையில் இட்டுப் பூட்டிய ஓலை அன்று. எடுக்குந்தோறும் நாம் அதனைப் புதிதாக எழுதிக்கொள்கின்றோம்.

எழுதும்பொழுது பிறர் சொல்லும் அதனுள் புகுந்துவிடும். எலிசபெத் லோப்டஸ், ஜான் பாமர் என்னும் இருவர் 1974இல் இதனை எளியதொரு சோதனையால் காட்டினர். மோட்டார் வண்டிகள் மோதும் காட்சியை 45 மாணவர்களுக்குத் திரையில் காட்டி, வண்டிகளின் வேகம் என்ன என்று வினவினர். வினாவில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினர். "வண்டிகள் மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் கூறிய வேகம் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல். "ஒன்றையொன்று தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் கூறியது 31.8 மைல். மற்றொரு சோதனையில் 150 மாணவர்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு வாரம் சென்றபின், "உடைந்த கண்ணாடியைக் கண்டீரோ?" என்று கேட்டனர். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. முன்பு "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேருள் 16 பேர் கண்டோம் என்றனர். "மோதிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேருள் அவ்வாறு கூறியவர் 7 பேர். வேகத்தைப் பற்றி வினவப்படாத 50 பேருள் 6 பேர்.

வினவியவர் எவரையும் மிரட்டவில்லை. பொய் சொல்லுமாறு தூண்டவும் இல்லை. ஒரு சொல்லே அத்தனையும் செய்தது. காவல் நிலையத்தில் அலுவலர் வினவும் வினாக்கள் எத்தனை! அவற்றுள் சொற்கள் எத்தனை!

கேரி வெல்ஸ் என்னும் உளநூலறிஞர் 1978இல் இவ்வாராய்ச்சிக்கு ஒரு நெறி வகுத்தார். சாட்சியின் பிழைக்குக் காரணங்கள் இருவகைப்படும் என்றார் அவர். குற்றம் நிகழ்ந்த இடத்து இருள், தொலைவு, சாட்சி கொண்ட அச்சம் ஆகியவை ஒருவகை. அவற்றை எந்த அரசும் மாற்ற இயலாது. எவ்வாறு வினவுவது, யாரை வரிசையில் நிறுத்துவது, முன்னதாகச் சாட்சிக்கு என்ன சொல்வது என்பவை மற்றொரு வகை. இவை அலுவலர் கையில் உள்ளவை. ஆதலின் திருத்தக் கூடியவை. உளநூலார் தம் உழைப்பை இரண்டாவதில் செலுத்துதல் வேண்டும் என்று அவர் கூறினார். விக்மோரின் நகைப்புக்கு எழுபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தக்க விடை இதுவே என்று கூறலாம்.

வரிசையில் யாரை நிறுத்துவது என்பதற்குப் பெக்கின் நரைமுடியே பாடம் கற்பிக்கும். சாட்சிக்கு என்ன சொல்வது என்பதை ராய் மால்பாஸ், பாட்ரிசியா டிவைன் ஆகியோர் 1981இல் ஆராய்ந்தனர். வகுப்பறையில் ஒருவன் பொருளைச் சேதப்படுத்துவதுபோல் நடித்துச் சென்றான். கண்ட மாணவர்கள் பின்னர் வரிசையைப் பார்வையிட்டனர். சிலருக்குக் காட்டிய வரிசையில் அவன் இல்லவே இல்லை. அவன் இருக்கின்றான் என்னும் எண்ணம் தோன்றுமாறு பேசியபோது, அவ்வரிசையைக் கண்டவருள் நூற்றுக்கு 78 பேர் யாரையேனும் ஒருவரைச் சுட்டிவிட்டனர். "அவன் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று முன்கூட்டி உரைத்தபோது அத்தொகை நூற்றுக்கு 33 ஆகக் குறைந்தது. வரிசையில் வரும் முகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தம் நினைவிலுள்ள உருவிற்கு மிக நெருங்கியதைத் தேர்வது மனித இயல்பு. நெருங்கியது வேறு, அதுவே ஆவது வேறு. இலண்டன் பெண்கள் செய்ததும் இத்தேர்வேயாம்.

இனி, அலுவலர். ஐயத்திற்குரியவர் வரிசையில் எங்கே நிற்கின்றார் என்பதை அறிந்த அலுவலர், தாம் அறியாமலே அதைக் காட்டிக் கொடுத்துவிடுவார். சாட்சியின் பார்வை மூன்றாமவர்மேல் நின்றால், "நன்றாகப் பாருங்கள், விரைய வேண்டா" என்பார். நான்காமவர்மேல் நின்றால் மூச்சை அடக்கிக்கொள்வார். அவரைத் தீயவர் என்று கொள்வது தவறு. குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று நம்பும் எந்த மனிதரும் அப்படியே நடப்பர்; நாமும் அங்ஙனமே நடப்போம். காவலர் ஸ்பரலும் பொய் சொல்ல வந்தவராகத் தோன்றவில்லை. ஆதலின், அலுவலருக்கு அறிவுரை கூறுவதனால் இது நீங்காது என்று கண்ட உளநூலார் வேறு வழி கூறினர். ஐயத்திற்குரியவர் யார் என்பதை அறியாத ஒருவரே வரிசையைக் காட்டுதல் வேண்டும் என்பதே அவ்வழி. மருந்துகளைச் சோதிக்கும் மருத்துவர், எந்தக் குப்பியில் உண்மை மருந்து உள்ளது என்பதை அறியாமலே நோயாளிக்குக் கொடுப்பது போன்றது இம்முறை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 2001இல் இதை ஏற்றுக்கொண்டது. பின்னர்ப் பிற மாநிலங்கள் பலவும் பின்பற்றின. நம் நாட்டில் அடையாள அணிவகுப்பைப் புலனாயும் காவலர் நடத்துவதில்லை; நீதித்துறை நடுவர் முன்னிலையில் நடைபெறுவதே வழக்கம். அங்குக் காட்டிய அடையாளம் நீதிமன்றத்தில் கூறும் சான்றுக்குத் துணையாகுமே அன்றி, தானே தனிச் சான்றாகாது.

இத்துணை முயற்சி வேண்டுமோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி உண்டு. 1992இல் நியூயார்க்கில் பாரி ஷெக், பீட்டர் நியூபெல்டு என்னும் இரு வழக்கறிஞர்கள், தவறாகத் தண்டிக்கப்பட்டோரை மரபணுச் சோதனையால் விடுவிக்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். அந்நாட்டில் அச்சோதனையால் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கப்பட்டோர் முந்நூற்றுக்கு மேற்பட்டவர். அவர்களுள் பத்தில் ஏறத்தாழ ஏழு பேருடைய வழக்கில் நேரிற் கண்ட சாட்சி தவறாக அடையாளம் காட்டியிருந்தார். "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. பாட்டிமார் கூறியது எந்தப் பொருளிலோ, விசாரிப்பவரே பொய்யைத் தோற்றுவித்தலும் கூடும் என்பதை மேற்கூறிய சோதனைகள் காட்டிவிட்டன.

அப்படியாயின், கண்கண்ட சாட்சியை நீதிமன்றம் தள்ளிவிட வேண்டுமோ? வேண்டியதில்லை. சாட்சியின் உறுதியைப் பற்றி வெல்ஸ், ஆமி பிராட்பீல்டு ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்குப் பெரிதும் பயன்படும். குற்றவாளி இல்லாத வரிசையைச் சிலருக்குக் காட்டினர். ஒருவரைச் சுட்டிய பின்னர்ச் சிலரிடம் மட்டும், "நன்று, சரியானவரையே காட்டினீர்கள்" என்றனர். அச்சொல்லைக் கேட்டவர்கள் தாம் தொடக்கத்திலேயே மிக உறுதியாக இருந்ததாகவும், குற்றவாளியின் முகத்தைத் தெளிவாகக் கண்டதாகவும் பின்னர்க் கூறினர். கண்டது அதே காட்சி, சுட்டியதும் பிழை. ஒரு பாராட்டு, கடந்த காலத்தையே மாற்றிவிட்டது. நீதிமன்றத்தில் பல திங்கள் கழித்து "ஐயமே இல்லை" என்று முழங்கும் உறுதி, பெரும்பாலும் இங்ஙனம் இடையில் வளர்ந்ததாக இருத்தல் கூடும்.

ஆனால், வரிசையை நடுநிலையாக அமைத்து, விடையறியாத அலுவலர் காட்டும்போது, சாட்சி முதன்முதலில் கூறும் உறுதிக்கு மதிப்பு உண்டு என்று ஜான் விக்ஸ்டெட்டும் வெல்ஸும் 2017இல் எழுதினர். அந்நொடியில் "இவர்தான்" என்று உறுதியாகக் கூறுபவர் பெரும்பாலும் சரியாகவே கூறுகின்றார். "இவர் போலத் தோன்றுகின்றது" என்று தயங்குபவர் பெரும்பாலும் தவறுகின்றார். எனவே, சாட்சி ஒருவரைச் சுட்டியவுடன், எவரும் ஒரு சொல்லும் சொல்வதற்கு முன்னர், அவர் எவ்வளவு உறுதியாக இருக்கின்றார் என்பதை அவர் வாய்மொழியாலேயே எழுதிக்கொள்ளுமாறு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் காவலர்க்கு இப்பொழுது விதி செய்யப்பட்டுள்ளது. அத்தாள் வழக்குக் கட்டில் சேர்கின்றது. பின்னாளில் சாட்சி கூண்டில் ஏறி உரைக்கும்போது, வழக்கறிஞர் முதலில் எடுத்துப் படிப்பது அத்தாளைத்தான்.